உங்களுக்குத் தெரியுமா? பட்டாளத்துப் பதக்கமும் ஒரு வாரப் பத்திரிகையும்

இரண்டு போர்க்களங்களைப் பார்த்துப் பதக்கம் வாங்கியவர், ஊருக்கு வெளியே அச்சகம் போட்டு வாரப் பத்திரிகை நடத்தினார். யார் தெரியுமா? மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி!

● 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர். காந்தி திரட்டிய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 இந்தியர்கள். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள், தமிழர்களும் ஏராளம். போடி பக்கத்துக் குரங்கணிக்கு மேலே ரோடு இல்லாத மலைக்கிராமங்களில் டோலி கட்டித் தூக்குவார்களே, அப்படித்தான் காயம்பட்ட சிப்பாய்களைச் சுமந்தார்கள். சில நாள் 20, 25 மைல் நடை!

● 1903-இல் டர்பனில் அந்த வாரப் பத்திரிகை 'இந்தியன் ஒப்பீனியன்' பிறந்தது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகள். தமிழ்ப் பகுதி மட்டும் தள்ளாடியது. எழுதவும் ஆளில்லை, அச்சுக்கோக்கவும் ஆளில்லை. பெயருக்கு நடத்துவது வாசகரை ஏமாற்றுவது என்று 1906-இல் இந்தியோடு சேர்த்து அதையும் காந்தி நிறுத்திவிட்டார். நமக்கு வருத்தம்தான், ஆனால் நேர்மையான முடிவு.

● 1904 கடைசியில் அச்சகம் பீனிக்ஸ் பண்ணைக்கு மாறியது. டர்பனிலிருந்து 14 மைல். போடியிலிருந்து குரங்கணிக்கு உள்ளதைவிடக் கூடுதல். அங்கே முதல் இதழ் அச்சேறும் இரவிலேயே எண்ணெய் இஞ்சின் மக்கர்! கையால் சுற்றும் சக்கரம் ஒன்று தயாராக இருந்தது. அதற்கு ஒரே நேரத்தில் நாலு பேர் வேண்டும். தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பிக் கெஞ்சினார் காந்தி. விடிய விடிய மாறி மாறிச் சுற்றினார்கள். காலையில் இஞ்சின் தானாகவே சமாதானமாகி ஓடியது!

● பண்ணையில் சேர்ந்தவர்களுக்கு ஒரே சம்பளம்: மாதம் 3 பவுண்டு.

● 1906-இல் ஜூலு மக்களின் கிளர்ச்சி. இம்முறை காந்திக்கு சார்ஜென்ட் மேஜர் பதவி. கூட இருபது சொச்சம் பேர். போய்ப் பார்த்தால், கசையடி பட்ட ஜூலுக்களின் புண்ணைத் தொட வெள்ளையர் யாரும் முன்வரவில்லை. அந்தப் புண்களைக் கழுவிக் கட்டியதுதான் படையின் முக்கிய வேலை. அது போரே அல்ல, மனித வேட்டை என்று சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார்.

● அந்த இரண்டு போர்ப் பதக்கங்களோடு பிரிட்டிஷ் அரசு தந்த கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கத்தையும் 1920 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

● காந்தி இந்தியா திரும்பிய பிறகும் பத்திரிகை ஓய்வெடுக்கவில்லை. மகன் மணிலால் 1956-இல் இறக்கும்வரை நடத்தினார். அவர் மனைவி சுசீலா 1961 வரை இழுத்துப் பிடித்தார்.