கடல் கடக்கும் வாழை

மதுரைக்கு வடமேற்கே, வைகையும் பெரியாற்றுப் பாசனமும் வளப்படுத்தும் சோழவந்தான், வாடிப்பட்டிப் பகுதிகளில் வாழை முக்கியமான பயிர்களுள் ஒன்று. வெட்டிய தார் சில நாட்களிலேயே பழுத்துவிடுவதால், விலை சரிந்தாலும் விற்றே தீரவேண்டிய நிலை உழவருக்கு ஏற்படுகிறது. தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே குளிர்பெட்டிகளில் வளைகுடா நாடுகளுக்கு அனுப்ப இயலுமாயின் இந்நெருக்கடி ஓரளவு தளரும்.

1882-இல் ‘டுனீடின்’ என்னும் பாய்க்கப்பல், நியூசிலாந்திலிருந்து உறையவைத்த ஆட்டிறைச்சியை லண்டனில் கெடாது சேர்ப்பித்தது. இன்று இறாலும் மீனும் பூஜ்யத்திற்குக் கீழ் 18 டிகிரியில் கடல் கடக்கின்றன. வாழைக்கோ அக்குளிர் நஞ்சு! அதற்கு வேண்டுவது 13 முதல் 14 டிகிரி சென்டிகிரேடு. அதனினும் வெகுவாகக் குறைந்தால் தோல் கறுத்துவிடும். பின்னர்ச் செம்மையாகப் பழுக்கவும் செய்யாது.

பலர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. குளிர்பெட்டியானது, முன்பே குளிர்ந்த சரக்கின் நிலையைக் காப்பதற்கென அமைந்தது; வெயிலில் காய்ந்த தார்களை விரைந்து குளிர்விக்கும் ஆற்றல் அதற்கில்லை. ஆகவே, முக்கால் பங்கு முதிர்ந்த தார்களை விடியற்காலையில் வெட்டி, சீப்புகளாகப் பிரித்துக் கழுவி, குளிர் அறையில் வைத்த பின்னரே ஏற்றுதல் வேண்டும். பழுத்த காய் ஒன்றேனும் கலத்தலாகாது. அதினின்று எழும் எதிலீன் வாயு அண்டையிலுள்ள காய்களையும் பழுக்கச் செய்துவிடும்.