நோயாளியின் அருகே ஒரு பாட்டு

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில் சுமார் எட்டுக் கிலோமீட்டர் சென்றால் வீரபாண்டி. முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோவில். சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவர்கள் தீச்சட்டியையும், அதைவிட விந்தையான ஆயிரம் கண் பானையையும் பார்த்திருப்பீர்கள். பானை முழுதும் துளைகள், அவையே கண்கள். இவ்வூரின் தலபுராணமும் கண்ணைப் பற்றியதுதான். பார்வை இழந்த பாண்டிய மன்னன் ஒருவன் இங்கே வழிபட்டு அதைத் திரும்பப் பெற்றான் என்பது கதை.

மாரியம்மன் வழிபாட்டில் கண்ணுக்கு ஏன் இத்தனை இடம்? என் ஊகத்தைச் சொல்கிறேன். பெரியம்மை கண்ணின் கருவிழியில் வடுவை உண்டாக்கிப் பார்வையைப் பறிக்கும். ஒரு காலத்தில் நம் நாட்டில் குருட்டுக்குப் பெரியம்மை ஒரு முக்கிய காரணமாக இருந்தது. உயிர் தப்பியவனின் வீட்டார் அடுத்து வேண்டியது கண்ணைத்தானே!

அம்மை கண்ட வீட்டில் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். வாசலில் வேப்பிலை. அடுப்படியில் தாளிப்பு இல்லை. உரக்கப் பேச்சு இல்லை. அறையில் வெளிச்சம் குறைவு. மாலையானால் யாராவது ஒரு முதியவள் அருகில் அமர்ந்து மாரியம்மன் தாலாட்டுப் பாடுவாள். எனக்கு ஏழு வயதில் சின்னம்மை கண்டபோது என் அப்பத்தா பாடினாள். உடம்பெல்லாம் அரிப்பு, கண்ணை மூடினால் தூக்கம் வராது. அவள் குரல் அவ்வளவு இனிமையானதும் அல்ல. ஆயினும் பாட்டு நடக்கும்போது சொறிய வேண்டும் என்ற எண்ணம் குறைந்தது, எப்போது உறங்கினேன் என்று தெரியாமல் உறங்கினேன். இது நினைவு, நினைவு ஆய்வு ஆகாது. பௌதிகம் கற்பிப்பவன் என்ற முறையில் பிற்காலத்தில் அதைப் பற்றிப் படிக்கலானேன்.

முதலில், பாட்டு எதைச் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடுமையான பெரியம்மை கண்டவர்களில் பத்துக்கு மூவர் இறந்தனர். தாலாட்டுப் பாடிய வீட்டிலும் இறந்தனர். அந்நோயை உலகிலிருந்து ஒழித்தது தடுப்பூசி. இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் காணப்பட்டார். உலகம் முழுதும் பெரியம்மை ஒழிந்துவிட்டதென 1980 மே 8 அன்று உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. வைரசுக்குச் செவி இல்லை. இதை மறந்துவிட்டு இசையின் பெருமையைப் பேசுவது ஆபத்தானது.

அப்படியானால் அந்தப் பாட்டு வீணா? இல்லை. நோய் என்பது கிருமி மட்டுமன்று. வலி, அச்சம், உறக்கமின்மை ஆகியவையும் நோயாளி படும் பாட்டில் பெரும்பங்கு. அவற்றுக்குச் செவி உண்டு.

ஒலியின் அளவிலிருந்து தொடங்குவோம். நோயாளியின் அறையில் பகலில் 35 டெசிபெல்லுக்கு மேல் ஒலி இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனைகளில் பகல்நேர இரைச்சல் 1960-இல் 57 டெசிபெல்லாக இருந்து 72 ஆக உயர்ந்திருப்பதைக் காட்டியது. பதினைந்துதானே கூடியது என்று எண்ணிவிடாதீர்கள். டெசிபெல் மடக்கை அளவு. பத்து கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்காகும். பதினைந்து கூடினால் ஏறக்குறைய 32 மடங்கு! தாளிக்காத, கத்திப் பேசாத அந்த அம்மை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காரணம் வேறாகக் கூறப்பட்டாலும், விளைவு நோயாளிக்கு நல்லதாகவே அமைந்தது. நர்சுகளுக்கெல்லாம் வழிகாட்டியான பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் எழுதிய செவிலியம் பற்றிய நூலில், தேவையற்ற ஓசையை நோயாளிக்குச் செய்யும் கொடுமையாகவே கருதினார். அதே நூலில், தொடர்ந்து இழையும் ஒலி, அதாவது மனிதக்குரல், காற்றுக்கருவி, தந்திக்கருவி போன்றவற்றின் ஒலி நோயாளிக்கு இதமளிக்கும் என்றும், விட்டு விட்டு ஒலிக்கும் பியானோ அவ்வாறன்று என்றும் குறித்திருக்கிறார். கருவியின்றி இழுத்துப் பாடும் தாலாட்டு அவருடைய பட்டியலில் முதல் இனத்தைச் சேரும்.

இனி, இதயத்துக்கு வருவோம். இத்தாலியின் பாவியா நகரில் பெர்னார்டி என்னும் மருத்துவர் 24 பேருக்கு ஆறு வகை இசையைக் கேட்கச் செய்து, அவர்களுடைய இதயத்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பதிவு செய்தார். நம் நாட்டு இராக இசையும் அவற்றில் ஒன்று. 2006-இல் வெளியான முடிவு இது: இசையின் வகையைவிட அதன் வேகமே முக்கியம். வேகமான இசையில் மூச்சும் துடிப்பும் ஏறின. எதிர்பாராத இன்னொன்றும் தெரிந்தது. இசைகளுக்கிடையே இரண்டு நிமிடம் மௌனம் விடப்பட்டது. அந்த மௌனத்தில் துடிப்பும் அழுத்தமும் தொடக்க நிலையைவிடக் கீழே இறங்கின! பாட்டு நின்ற பிறகு வரும் அமைதி, வெறும் அமைதியைவிட ஆழமானது போலும். அப்பத்தா இரண்டு அடிகளுக்கிடையே மூச்சு வாங்கவும் வெற்றிலையை ஒதுக்கவும் நிறுத்துவாள்.

வலியின் கதை வேறு. அடிபட்ட இடத்திலிருந்து மூளை வரை ஒரு கம்பி ஓடுகிறது, அதில் வலி பாய்கிறது என்றுதான் வெகுகாலம் கருதினர். மெல்சாக், வால் என்னும் இருவர் 1965-இல் வாயில் கோட்பாட்டை வெளியிட்டனர். அதன்படி, தண்டுவடத்தில் ஒரு வாயில் இருப்பது போல வலியின் குறிகள் சில வேளை தாராளமாகவும் சில வேளை தடைபட்டும் செல்கின்றன. தொடுகை போன்ற பிற உணர்ச்சிகள் அதை ஓரளவு மூடும். மேலேயிருந்து மூளை அனுப்பும் ஆணைகளும் மூடும். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் தேய்த்துக்கொள்வதில்லையா? கவனம் வேறொன்றில் ஊன்றும்போதும், அச்சம் தணியும்போதும் வலி குறைவது இவ்வகையில்தான் விளக்கப்படுகிறது. கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன; ஆயினும் வலியை மூளை கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

அறுவை மருத்துவத்தில் இசையைப் பயன்படுத்திய 73 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 நோயாளிகளைக் கொண்டவை, ஒன்று திரட்டி 2015-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. மருத்துவமனையில் தங்கிய நாட்களோ குறையவில்லை. இந்த இரண்டாவது வரியை இசை அன்பர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. இன்னொரு வியப்பு, மயக்க மருந்தில் உணர்வற்றுக் கிடந்தவர்களுக்கு இசை ஒலித்தபோதும் சிறிதளவு பயன் தெரிந்தது. கவனம் திரும்புவதால் வலி குறைகிறது என்று மட்டும் சொல்லி இதை விளக்கிவிட முடியாது.

தாலாட்டையே சோதித்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில் குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. பெற்றோரே தமக்குப் பிடித்த ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தனர். அது தாலாட்டின் நடைக்கு மாற்றப்பட்டு, குழந்தையின் மூச்சுக்கேற்ப மெல்லப் பாடப்பட்டது. குழந்தைகளின் இதயத்துடிப்பு தணிந்தது. பாடிய பெற்றோரின் அச்சமும் குறைந்தது. அம்மை கண்ட பிள்ளையின் அருகில் இரவெல்லாம் விழித்திருந்த தாய்மாருக்கும் அந்தப் பாட்டு மருந்தாக இருந்திருக்கும் என எனக்குத் தோன்றுகிறது.

இனி என் தாய்மாமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைவிப்பவர், டி.எம்.சௌந்தரராஜன் பாட்டுகளில் உயிரானவர். ஒரு நாள் காலை வலக்கை விழுந்து, பேச்சும் போயிற்று. கேட்பதைப் புரிந்துகொண்டார், சொல் மட்டும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, வானொலியில் பழைய பாட்டு ஒன்று ஒலித்தபோது அவரும் சேர்ந்து பாடினார். சொற்களோடு! அத்தை அழுதேவிட்டாள். பாட்டு முடிந்ததும் தண்ணீர் கேட்கப் பார்த்தார். முடியவில்லை.

இது மாயமன்று. பெரும்பாலோருக்குப் பேச்சை ஆக்கும் பகுதி மூளையின் இடப்பாதியில் இருக்கிறது. இதை 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா காட்டினார். மெட்டைக் கையாளுவதில் வலப்பாதிக்குப் பெரும் பங்கு உண்டு. இடப்பக்கம் இரத்தக்குழாய் அடைபட்டவரிடமும் பாட்டு எஞ்சியிருப்பது இதனால்தான் என்று கருதுகின்றனர். அமெரிக்க மருத்துவர்கள் 1973-இல் இதையே ஒரு சிகிச்சையாக்கினர். ‘தண்ணி வேணும்’ என்பது போன்ற சிறு தொடரை இரண்டு சுரங்களில் ஏற்றி இறக்கி, இடக்கையால் ஒவ்வோர் அசைக்கும் தட்டிக்கொண்டே பாடவைப்பார்கள். பிறகு மெட்டைப் படிப்படியாகக் குறைத்துப் பேச்சாக்குவார்கள். பயிற்சி செய்த தொடர்கள் நன்றாகத் திரும்புகின்றன. பயிலாத பேச்சு அந்த அளவுக்குத் திரும்புவதில்லை. மாமாவுக்குப் பேச்சுப் பயிற்சியாளரின் துணையோடு பதினைந்து இருபது தொடர்கள் வந்தன. ‘தண்ணி’ அவற்றில் ஒன்று.

இசையைக் கேட்பது மட்டும்கூடப் பயன் தரும் என்பதற்குப் பின்லாந்தில் சான்று கிடைத்தது. பக்கவாதம் கண்ட 60 பேரில் ஒரு பிரிவினர் தமக்குப் பிடித்த இசையை இரண்டு மாதம் நாள்தோறும் கேட்டனர். இன்னொரு பிரிவினர் ஒலிநூல்களைக் கேட்டனர். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. மூன்று மாத முடிவில் சொற்களை நினைவுகொள்ளும் திறன் இசைப் பிரிவில் 60 விழுக்காடும், நூல் பிரிவில் 18 விழுக்காடும், மூன்றாவதில் 29 விழுக்காடும் உயர்ந்தது. 2008-இல் வெளியான முடிவு இது. பார்க்கின்சன் நோயில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டவர், ஒரே சீரான தாளம் கேட்டதும் நடையை எட்டிப் போடுவதையும் மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர்.

‘அப்படியானால் எந்த நோய்க்கு எந்த இராகம்?’ என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று பட்டியல்கள் உலவுகின்றன. தம்பியப்பன் என்ற சீடரின் வயிற்றுவலி நீங்க முத்துசுவாமி தீட்சிதர் அடாணாவில் குருபகவான்மீது கீர்த்தனை இயற்றினார் என்ற வரலாறும் வழங்குகிறது. ஆனால் இராகத்துக்கு ஒரு நோய் என்று பிரித்துக் காட்டும் உறுதியான சோதனை எதையும் நான் கண்டதில்லை. ‘லான்செட்’ தொகுப்பில், நோயாளி தாமே தேர்ந்த இசை சிறிது கூடுதலாகப் பயன்பட்டதுபோல் தெரிந்தது. அதுவும் அறுதியிட்டுச் சொல்லுமளவுக்கு இல்லை.

இவ்விடத்தில் நம் பள்ளத்தாக்கோடு தொடர்புடைய ஒருவரை நினைவுகூரலாம். 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், இளமையில் சுருளிமலைக்கு வந்து கருணானந்தர் என்பவரிடம் மூலிகை மருத்துவம் கற்றார். பின்பு தஞ்சையில் புகழ்பெற்ற சித்த மருத்துவரானார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெரும் இசைநூலை வெளியிட்டார். மருத்துவர், இசையறிஞர் இருவரும் ஒரே ஆள்! ஆயினும் அந்நூல் சுருதிகளைக் கணக்கிட்டு ஆராயும் நூலேயன்றி, இராகத்தால் நோய் தீர்க்கும் கையேடு அன்று.

ஓவியத்துக்கு வந்தால், சான்றுகள் இசையைப்போல் எண்ணிக்கையாகக் கிடைக்கவில்லை. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1938-இல் காசநோய் விடுதியில் படுத்திருந்தபோது படுக்கையிலிருந்தே வரைந்தார்; உடனிருந்த நோயாளிகளையும் வரையவைத்தார். ‘கலைச் சிகிச்சை’ என்ற சொல்லை 1942-இல் உருவாக்கியவர் அவரே. கண்ணுக்குத் தெரியும் காட்சியே பயன் தருமா என்று உல்ரிச் என்பவர் சோதித்து 1984-இல் வெளியிட்டார். பித்தப்பை அறுவை நடந்த 46 பேரில், சன்னல் வழியே மரங்களைக் கண்ட பாதிப்பேர் சராசரியாக 7.96 நாட்களிலும், செங்கற்சுவரைக் கண்டவர்கள் 8.70 நாட்களிலும் வீடு திரும்பினர்.

உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால் பாட்டை அவரே தேர்ந்தெடுக்கட்டும். ஒலியைத் தாழ்த்தி வையுங்கள். நடுவே நிறுத்தி இடைவெளி விடுங்கள். பொது வார்டில் காதணி ஒலிவாங்கி இல்லாமல் கைபேசியில் பாட்டுப் போடாதீர்கள். உங்கள் இசை அடுத்த கட்டிலுக்கு இரைச்சல். அம்மை என்றால் பாட்டோடு மருத்துவரும் வேண்டும். முகம் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் அப்போது பாட்டுக்கு வேலையில்லை. அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். மாமாவுக்குத் திருநீறு பூசி, படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்து, நாங்கள் மறுநாள்தான் வண்டி ஏற்றினோம்.