தொகுப்பி குடியேறுவது எப்படி?

சுத்தியல் செய்யக் கொல்லனுக்கு ஒரு சுத்தியல் வேண்டும். அப்படியானால் புதிய ஊரில் முதல் சுத்தியல் எங்கிருந்து வரும்? பழைய ஊர்ப் பட்டறையிலிருந்துதான். கணிப்பொறி உலகிலும் இதே கேள்வி எழுகிறது.

மனிதர் எழுதும் நிரலைக் கணிப்பொறியின் எண் கட்டளைகளாக மாற்றித் தரும் நிரலுக்குத் தொகுப்பி, அதாவது கம்பைலர், என்று பெயர். கிரேடன் ஹோர் 2006இல் தொடங்கிய ரஸ்ட் என்னும் மொழியை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் தொகுப்பி ஒக்காமல் என்ற வேறொரு மொழியில் எழுதப்பட்டது. பின்னர் ரஸ்டிலேயே எழுதப்பட்ட தொகுப்பி 2011இல் தன்னைத்தானே தொகுத்துக்கொண்டது. ரஸ்ட் தொகுப்பியை உருவாக்க இன்று ரஸ்ட் தொகுப்பியே தேவை!

ஹைக்கூ என்பது ஆர்வலர்கள் 2001 முதல் வளர்த்துவரும் சிறிய இயக்க முறைமை. லினக்ஸில் ஓடும் தொகுப்பி அதில் அப்படியே ஓடாது. செயலி ஒன்றேயானாலும், கோப்பைத் திறக்கவும் நினைவகம் பெறவும் நிரல் இயக்க முறைமையிடம் கேட்கும் முறை வேறு.

முதற்படி, லினக்ஸில் இருந்தபடியே ஹைக்கூவுக்குரிய கட்டளைகளை வெளியிடத் தொகுப்பிக்குக் கற்பிப்பது. இதைக் குறுக்குத் தொகுப்பு என்பர். செயலியின் கட்டளைகளை எல்.எல்.வி.எம். என்னும் பொதுக்கருவி முன்பே அறிந்திருப்பதால் இது அவ்வளவு கடினமன்று.

கடினமானது அடுத்த படியாகிய நூலகம். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். கேட்ட கோப்பு இல்லையென்றால் லினக்ஸ் தரும் பிழை எண் 2. ஹைக்கூவிலோ அது -2147459069! வில்லைகளின் கணக்கில் குறி மரபை மாற்றிவிட்டால் விடை என்னாகும் என்பதை மாணவர்கள் அறிவார்கள். பிழை எண் நேர் எண்ணாகவே இருக்கும் என்று நம்பி எழுதிய வரிகளெல்லாம் இங்கே தவறும். லினக்ஸின் பட்டியலை நகலெடுக்காமல், ஒவ்வோர் எண்ணையும் ஹைக்கூவின் வரையறையோடு ஒப்பிட்டே எழுத வேண்டும்.

இது முடிந்தபின், குறுக்குத் தொகுப்பால் தொகுப்பியையே ஹைக்கூவுக்காகத் தொகுத்து அங்கே கொண்டுசெல்கிறோம். அது ஹைக்கூவில் தன் மூல நிரலைத் தொகுத்து இரண்டாம் தொகுப்பியை ஆக்கும். இரண்டாவது மூன்றாவதை ஆக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுபோல் இருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் அது முழு நிரூபணமன்று; ஒரே தவறு இரு முறையும் நேரலாம். எனவே சோதனை நிரல்களையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் 2016 முதலும், பைத்தான் மொழியின் மறைக்குறியீட்டு நூலகம் ஒன்றில் 2021 முதலும் ரஸ்ட் இடம்பெற்றுள்ளது. ரஸ்ட் குடியேறாத முறைமையில் இத்தகைய நிரல்களை உருவாக்க இயலாது. சிறிய முறைமைகள் இவ்வாறே தனித்துப் போகின்றன.

குடியேற்றம் ஒரு நாளில் முடிவதுமன்று. ஆறு வாரங்களுக்கு ஒருமுறை புதிய ரஸ்ட் பதிப்பு வருகிறது. அதைத் தொகுக்க முந்திய பதிப்பு வேண்டும். சில பதிப்புகளைக் கவனியாது விட்டால், மீண்டும் பழைய ஊர்ப் பட்டறைக்கே போக வேண்டியதுதான்.