வாசலிலேயே பிரித்துவிடு

மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரில் இருக்கும் குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில், தடுப்பூசிக்கு வந்த குழந்தைக்கும் உயிருக்குப் போராடும் குழந்தைக்கும் ஒரு காலத்தில் ஒரே கிளினிக்தான். கூட்டம் ஏராளம், ஆட்கள் சொற்பம். உள்நோயாளிகளாகச் சேர்ந்த குழந்தைகளில் 100-க்கு 10 முதல் 18 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள்.

2001 வாக்கில் குழந்தை மருத்துவர் எலிசபெத் மாலினியூவும் சகாக்களும் அந்த இடத்தை மாற்றியமைத்தார்கள். அவசரப் பகுதி தனியானது. வந்ததும் தரம் பிரிக்க ஊழியர்களுக்குப் பயிற்சி கிடைத்தது. இறப்பு 6 முதல் 8 ஆகக் குறைந்தது. 2005-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அவசர சிகிச்சைப் பயிற்சி நூலிலும் மாலினியூவின் பங்கு உண்டு.

அந்தப் பயிற்சி நர்ஸிடம் கேட்பது பெரும்பாலும் கண்ணையும் கையையும்தான். குழந்தை அம்மா மடியிலேயே இருக்கலாம். வீறிட்டு அழுகிறதா? நல்லது, மூச்சு போய்வருகிறது. கவலை தருவது சத்தமில்லாமல் துவண்டு கிடக்கும் குழந்தைதான். மூச்சிழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழிகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா, வலிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கை சில்லிட்டிருந்தால் நகத்தை அழுத்தி விட வேண்டும். வெளுத்த இடம் சிவக்க 3 விநாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் தளர்ந்திருக்கிறது. ரத்த அழுத்தம் இறங்கட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. குழந்தையின் உடல் அதைக் கடைசிவரை தக்கவைத்துவிட்டு, பிறகு சட்டென்று சரியும்.

அடையாளம் கண்டபின் என்ன செய்வது என்பதில்தான் மருத்துவ உலகமே சறுக்கியது. ரத்த ஓட்டம் தளர்ந்தால் டிரிப்ஸை வேகமாக ஏற்று என்பதே பழைய பாடம்: கிலோவுக்கு 20 மில்லி, முடிந்தவரை சீக்கிரம். கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடு வந்த 3,141 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். 2011-ல் வந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் சுமார் 10.5 சதவீதம் பேர் இறந்தார்கள்; அப்படி ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். வயிற்றுப்போக்கால் வறண்டு வந்த குழந்தைகள் இந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்குத் திரவம்தான் உயிர்.

2016-ல் உலக சுகாதார நிறுவனம் விதியை இறுக்கியது. கைகால் சில்லிடல், பலவீனமான வேக நாடி, நகம் தாமதமாகச் சிவத்தல் என மூன்றும் சேர்ந்திருந்தால்தான் ‘ஷாக்’. அப்போதும் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, 30 முதல் 60 நிமிடங்களில். கடுமையான ரத்தசோகையோ ஊட்டச்சத்துக் குறைவோ இருந்தால் கணக்கு வேறு. உள்ளங்கை வெளுப்பையும் கால் வீக்கத்தையும் நர்ஸ் வாசலிலேயே பார்த்துவிடுவது இதனால்தான்.