சுடுநீர்த் தாங்கியை மாற்றப் போகிறீர்களா?



சுடுநீர்த் தாங்கி அநேகமாகக் குளிர்காலத்தில்தான் கைவிடும். வீட்டில் சின்னப்பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கையில், "நாளைக்கே பூட்டித் தாருங்கோ" என்று முதலில் அகப்படுபவரிடமே பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். பத்து ஆண்டுகள் பாவிக்க வேண்டிய பொருளைப் பத்து நிமிடத்தில் தெரிவு செய்வது நட்டத்தில் முடியலாம். விக்ரோரியாவில் 2027 மார்ச் 1 முதல், ஏற்கனவே உள்ள வீடுகளிலும், திருத்த முடியாத எரிவாயுச் சூடாக்கிக்குப் பதிலாக மின்சாரச் சூடாக்கியே பூட்ட வேண்டும். எனவே வெப்பப் பம்பி, அதாவது ஹீற் பம்ப், பற்றி இப்போதே அறிந்து வைப்போம்.

குளிர்சாதனப் பெட்டி தன் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே விடுகிறது. வெப்பப் பம்பி வெளிக்காற்றில் உள்ள சூட்டை எடுத்துத் தாங்கி நீருக்குக் கொடுக்கிறது. மின்சாரம் அந்தச் சூட்டை இடம் மாற்றுவதற்கு மட்டுமே செலவாகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 15 பாகையில் உள்ள 200 லீற்றர் நீரை 60 பாகைக்குச் சூடாக்க, சாதாரண மின்சூடாக்கிக்கு ஏறத்தாழ 10.5 அலகு மின்சாரம் வேண்டும். ஒரு அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு வெப்பம் தரும் வெப்பப் பம்பிக்கு 3.5 அலகு போதும்.

வாங்குமுன் இவற்றைக் கேளுங்கள்:

கொள்ளளவு: இது மெதுவாகவே சூடாக்கும். நீர் தீர்ந்தால் மீண்டும் சூடேற மணித்தியாலக் கணக்காகும். மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் வீட்டுக்குச் சிறிய தாங்கி போதாது.

குளிர்: காற்று குளிரும்போது பம்பியின் திறன் குறையும். சில வகைகள் அப்போது உள்ளிருக்கும் மின்சூடாக்கியைப் பயன்படுத்தும், கட்டணம் ஏறும். எத்தனை பாகை வரை பம்பி தனியே இயங்கும் என்று கேளுங்கள்.

சத்தம்: வெளியே விசிறி ஓடும். உங்கள் படுக்கையறை யன்னலுக்கோ அயலவரின் யன்னலுக்கோ அருகில் பூட்ட வேண்டாம்.

நேரம்: கூரையில் சூரியத் தகடு இருந்தால் நண்பகலில் இயங்கும்படி வையுங்கள். ஆனால் மிச்சம் பிடிப்பதற்காகத் தாங்கியின் வெப்பத்தை 60 பாகைக்குக் கீழே குறைக்காதீர்கள். லெஜியனெல்லா என்ற கிருமி வளர இடமுண்டு.

உத்தரவாதம்: தாங்கிக்கு எத்தனை ஆண்டு, பம்பிக்கு எத்தனை ஆண்டு, பழுதானால் யார் வருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக விலை. அரச சலுகைகள் கழிந்தபின் மிகக் குறைந்த விலை சொல்லப்படலாம். விலை குறைவு என்பதற்காக மட்டும் கையொப்பம் இட வேண்டாம். விக்ரோரிய மின்சக்திச் சேமிப்புத் திட்டத்தின் பெயரால் தொலைபேசியில் விற்பது 2024 மே மாதத்திலும், கதவு தட்டி விற்பது அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலும் தடை செய்யப்பட்டன. பகலில் தனியே இருக்கும் அம்மா, அப்பாவிடம் இதைச் சொல்லி வையுங்கள். அழைக்காமல் வந்தவரிடம் ஒப்பந்தம் செய்திருந்தால், 10 வேலை நாட்களுக்குள் அதைக் கைவிட உரிமை உண்டு. ஆங்கிலம் தடையாக இருந்தால், 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை மூலம் நுகர்வோர் விவகார அலுவலகத்துடன் தமிழிலேயே பேசலாம்.

பழைய தாங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு, மூன்று இடங்களில் விலை கேட்டு வையுங்கள்.