போட்டி வில்லுக்கு, பொரி மீனுக்கு

இறகையும் நூலையும் கட்டிச் செய்த பொய் ஈயைத் தூண்டிலில் மாட்டி மீன் பிடிப்பது மேல்நாட்டில் பெரிய விளையாட்டு. 1981 முதல் அதற்கு உலகப் போட்டியே நடக்கிறது. அதில் பிடித்த மீனை அளந்துவிட்டு உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

ஆனால் கொல்லிமலை ஐயாற்றில் தூண்டிலுக்கே வேலையில்லை. அறுத்துக் குழம்பில் போட்ட மீன், துண்டுகள் பொருந்தி ஆற்றில் துள்ளிக் குதித்ததாக அங்குள்ள அறப்பளீஸ்வரர் கோயிலின் தலக்கதை சொல்கிறது. அதனால் முன்பின் தெரியாதவர்களும் படித்துறையில் ஒன்றாக நின்று மீனுக்குப் பொரி போடுகிறார்கள்.

போட்டிதான் பார்க்க வேண்டுமா? ஆடிப்பெருக்கையொட்டி, கொல்லிமலையை ஆண்ட மன்னன் வல்வில் ஓரியின் பெயரில் அம்மலையில் நடக்கும் விழாவுக்கு வாருங்கள். அங்கே வில்வித்தைப் போட்டி உண்டு!