கடலோடிகளின் பொதுமொழி

உலக வாணிபப் பொருள்களிற் பெரும்பகுதி கடல்வழியே செல்கின்றது. அவற்றைச் சுமக்கும் கப்பல்களோ பல நாட்டார் கூடி வாழும் இடங்களாம். பனாமாக் கொடி தாங்கிய கப்பலொன்றிலே கிரேக்கத் தலைவரும் உக்ரேனியப் பொறியியலாளரும் பிலிப்பைன் மாலுமிகளும் ஒருங்கிருத்தல் புதுமையன்று. இன்னோர் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளுதல் எங்ஙனம்?

கப்பலுக்கும் கப்பலுக்கும் இடையே இவ்விடரைத் தீர்க்க முதலில் உதவியவை கொடிகளாகும். பிரித்தானிய வாணிபச் சபையின் முயற்சியால் 1857ஆம் ஆண்டில் வெளிவந்த குறியீட்டு நூல், 18 கொடிகளைக் கொண்டு ஏறக்குறைய 70,000 செய்திகளை உணர்த்த வகைசெய்தது. இன்று அனைத்துலகக் கடல்சார் அமைப்பு என வழங்கும் நிறுவனம் 1965இல் ஏற்றுக்கொண்ட திருத்தப்பதிப்பு ஒன்பது மொழிகளுக்கென அமைந்தது. நீல விளிம்பும், அதனுள் வெண்மையும், நடுவிற் செம்மையுமுடைய கொடி ‘மருத்துவ உதவி தேவை’ எனப் பொருள்படும். காண்போன் தன் மொழிப் பதிப்பைப் புரட்டியே அதனை அறிவான். கொடி கருத்தைச் சுமந்தது, மொழியைச் சுமக்கவில்லை.

வானொலி வந்தபின் நிலைமை மாறிற்று. குரல் யாதேனுமொரு மொழியிலன்றி எழமாட்டாது. ஆகவே, மொழியிடர் நேருமிடத்து ஆங்கிலத்தைப் பொதுமொழியாகக் கொள்ளுதல் வேண்டுமென அவ்வமைப்பின் கடற்பாதுகாப்புக் குழு 1973இல் இணங்கியது. 1977இற் கப்பலோட்டற் சொற்றொகுதியொன்றும் ஏற்கப்பட்டது.

கப்பலினுள்ளேயும் பொதுமொழி இன்றியமையாதது என்பதை 1990ஆம் ஆண்டு ஏப்பிரில் 7ஆந் திகதி நிகழ்ந்த பேரிடர் உணர்த்திற்று. நோர்வேயிலிருந்து டென்மார்க்குக்குச் சென்ற ‘ஸ்கந்திநேவியன் ஸ்ரார்’ என்னும் பயணிகள் கப்பலில் தீ மூண்டு 159 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் நச்சுப்புகைக்கு இரையாயினர். தீ மூண்டதற்கு மொழி காரணமன்று. ஆயின், பணியாளருட் பலர் பயணிகளின் மொழிகளையோ ஆங்கிலத்தையோ அறியாமை, உயிர்காக்கும் பணிக்குப் பெருந்தடையாயிற்று.

இதன்பின் ஆக்கப்பெற்ற விரிவான நியமச் சொற்றொடர்கள் 2001இல் ஏற்கப்பட்டன. அவற்றின் நோக்கம் ஒரு தொடருக்கு ஒரு பொருளே இருத்தல் வேண்டும் என்பதாம். ‘மே’ என்னும் ஆங்கிலத் துணைவினை அனுமதியையுங் குறிக்கும். நிகழக்கூடுமென்ற ஐயத்தையுங் குறிக்கும். ஆதலின் அது விலக்கப்பட்டது. ‘வினா’ என முதலிற் கூறி, ‘நீர்வழியுட் புக எனக்கு அனுமதி உண்டா?’ என்று கேட்டல் வேண்டும். விடையும் ‘ஆம்’ என்பதோடமையாது முழுத்தொடராக வருதல் வேண்டும். ஆங்கிலத்திற் பதினைந்தும் ஐம்பதும் ஒலியால் மயங்குவன. எனவே, சுக்கான் கட்டளைகள் நீங்கலாக, 150 என்பதை ‘ஒன்று, ஐந்து, சுழி’ எனத் தனித்தனியே உரைப்பர்.

இன்றைய கடற்பாதுகாப்பு விதிகளின்படி ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பணிமொழி வரையறுக்கப்பட்டுக் குறிப்பேட்டிற் பதியப்படல் வேண்டும். ஒவ்வொரு மாலுமியும் அதனை விளங்கிக்கொள்ளும் ஆற்றலுடையனாதல் வேண்டும்.

செய்யுளில் இருபொருள்படச் சொல்லுதலைச் சிலேடையணியெனப் போற்றுகின்றோம். கடலிலோ அதுவே உயிர்க்கு ஊறாகலாம். மொழியின் வளத்தைக் கற்கும் மாணவர், அதன் தெளிவையும் ஓர் அறமாகக் கற்றல் நன்று.